மூன்று மணி, கிரேவியின் நேரம்

செப்டம்பர் 3, ஞாயிறு

கிரேவி இன்று ஒரு காக்கையைக் குரைத்துத் துரத்தினான். அது பறந்து போனதும், போனால் போகட்டும் என்று தான்தான் விட்டுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கிளைவ் உயிரோடு இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்.

வாரத்துக்கு ஐம்பது நிமிடம். அவ்வளவுதான் இவனுக்குக் கிடைக்கிற சுதந்திரம். மற்ற நாளெல்லாம் வாய்க்கூடையும் குட்டை வாரும்தான். போன இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு லாப்ரடார் நாயின் காதைக் கிழித்தானே, அந்த நாளிலிருந்து. கவுன்சில் ஆள் வீட்டுக்கு வந்து, பொது இடத்தில் இனி வாய்க்கூடையை அவிழ்க்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஹேஸல் ஆல்டர்சன் மட்டும் தன் ஆட்டுப் பண்ணையில் ஒரு வயலை ஒதுக்கி, ஆறடி வேலி போட்டு, மணிக்கு இவ்வளவு என்று நாய்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்காவிட்டால் இவன் ஓடுவதையே மறந்திருப்பான். அங்கே எல்லாரும் என்னைப் போன்றவர்கள்தான். மற்ற நாய்களோடு ஒத்துப்போகாத நாயை வைத்துக்கொண்டு, அதை விடவும் முடியாதவர்கள்.

ஞாயிறு மூன்று மணி நம்முடையது.

செப்டம்பர் 10, ஞாயிறு

இரண்டு மணிக்காரர் இன்றும் சரியாக இரண்டு ஐம்பதுக்கு நீல வேனை வெளியே எடுத்தார். நான் வழக்கம் போல சந்து முனையில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். பதினோரு மாதமாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒருவர் போய் பத்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தவர் நுழைய வேண்டும் என்பது ஹேஸலின் சட்டம். நாய்கள் சந்திக்கக் கூடாது, அதனால் மனிதர்களும் சந்திப்பதில்லை. எனக்கும் அது சௌகரியம்தான்.

நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆனவர் மாதிரித் தெரியவில்லை, சட்டைக் காலர் அப்படிக் கசங்கியிருக்கும். சின்ன டெரியர் நாய் ஒன்று, முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போகும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மழை. பந்து தொலைந்தது. ஆரஞ்சுப் பந்து, கிளைவ் வாங்கியது. தேடித் தேடிக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

கதவுத் தூணின் மேல் ஒரு ரொட்டிப் பை. உள்ளே நம் பந்து, கழுவித் துடைத்து. ஒரு சீட்டும் இருந்தது: "ஓடைப் பக்கம் கிடந்தது. உங்களுடையது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். டங்கன் ஃபாசெட் (பாபினும்)."

பாபின்! தையல் மிஷினுக்குள் இருக்கும் நூல் உருளை மாதிரி அவ்வளவு சின்னதுதான் அந்த டெரியரும்.

சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பந்தைக் கண்டெடுத்துக் கொடுப்பதற்கு ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கிறான்.

அக்டோபர் 14, சனி

ஜானிஸ் போன் செய்தாள். அக்கா என்றால் அறிவுரை சொல்லியே தீர வேண்டுமா?

"எத்தனை நாளைக்கடி இப்படி? ஒரு லீவு போட முடியல, ஒரு வீட்டுக்குப் போக முடியல. அந்த நாயைக் காப்பகத்துலயே திருப்பி விட்டுரு."

"யாரும் எடுத்துக்க மாட்டாங்க ஜானிஸ்."

"பெவ், அந்த நாய் கிளைவ் இல்லடி."

போனை வைத்துவிட்டேன். கிளைவ் இல்லைதான், எனக்குத் தெரியாதா? கிளைவ் குறட்டை விடுவார், இவன் விடுவதில்லை. ஆனால் காப்பகத்தில் அத்தனை கூண்டையும் தாண்டிப் போய், மூலையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற இவன் முன்னால் மண்டி போட்டவர் கிளைவ்தானே. "இவனை யாரும் எடுத்துக்க மாட்டாங்க பெவ். அதனாலதான் நாம எடுத்துக்கறோம்" என்றார். காரில் வரும்போதே பெயரும் வைத்துவிட்டார். இறைச்சி மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு மாதிரி நிறம். கிரேவி ஊற்றாத சாப்பாடு சாப்பாடே இல்லை என்று சொல்லும் மனுஷன் வேறு என்ன பெயர் வைப்பார்?

அவர் போய் இருபது மாதம். இவன் இன்னும் ஐந்தரை மணிக்குக் கதவைப் பார்க்கிறான்.

அக்டோபர் 28, சனி

ஹேஸல் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "கோடைக்கால நேரம் முடிகிறது, இன்று ராத்திரி நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. தயவுசெய்து மறக்காதீர்கள்."

மறப்பேனா? அடுப்பறை, படுக்கையறை, அடுப்பின் மேலுள்ளது, எல்லாவற்றையும் தூங்கப் போகும் முன்பே மாற்றி வைத்துவிட்டேன். கார் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. அது கிளைவின் சட்டம். ஒவ்வொரு வருஷமும் நான் மாற்றச் சொல்வேன், ஒவ்வொரு வருஷமும் அவர், "எதுக்கு? மார்ச் மாசம் தானா சரியாயிடும்" என்பார். குளிர்காலம் முழுக்கக் கார் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டிருக்கும், நாங்கள் கழித்துப் பார்த்துக்கொள்வோம். நாளை முதல் நான் கழித்துக்கொள்கிறேன். அவருக்காக இதையாவது அப்படியே வைத்திருக்கிறேனே.

பாபின்காரருக்காக இஞ்சி கேக் சுட்டேன். மூன்று நாள் ஊறினால்தான் ருசி. ஆனாலும் நாளைக்கே தூண் மேல் வைத்துவிடப் போகிறேன். பந்துக்குப் பதில்.

அக்டோபர் 30, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது. நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்கு இன்று வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மதியம் ஜானிஸ் வீட்டில் சாப்பாடு. கிரேவி காரில். மாட்டிறைச்சியை நறுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். காப்பகம், காப்பகம், காப்பகம். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கோட்டை எடுத்தேன். "உனக்குத் துணை வேணும்னா மனுஷனைத் தேடு" என்று வாசல் வரை வந்து கத்தினாள். காரை எடுத்தேன். கார் கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது. சரி, வயலுக்கு நேரமாகிவிட்டது, இவள் மூஞ்சியைப் பார்த்தது போதும் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நல்ல நல்ல பதில்கள்.

கழிக்கவில்லை. ஒரு மணி நேரம். கழிக்கலையே நான்.

வயலுக்கு வந்தபோது கார் மூன்று ஐந்து காட்டியது. வயல் கதவுப் பக்கம் வேன் இல்லை. நான் ஐந்து நிமிடம் தாமதம், அவர் போய்விட்டார், அவ்வளவுதான் நினைத்தேன். வேன் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, கூட வேலை செய்பவர் அவரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நிஜத்தில் மணி இரண்டு ஐந்து. அவருடைய நேரம். அவர் வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

கேக் டப்பாவைத் தூண் மேல் வைத்தேன். வெளிக்கதவைச் சாத்தினேன். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று வாய்க்கூடையை அவிழ்த்தேன். வாரை அவிழ்த்தேன். எல்லாம் முறைப்படி. உள்கதவைத் திறந்துவிட்டேன்.

ஓடைப் பக்கம் வயல் சரிந்து போகும். கதவிலிருந்து பார்த்தால் தெரியாது.

முதலில் கேட்டது அந்தச் சின்னக் குரல்தான். ஒரே ஒரு தடவை.

நான் ஓடினேன். ஐம்பத்தேழு வயசுல, ரப்பர் பூட்ஸோட, விழுந்து எழுந்து. அந்த மனுஷன் தன் நாய் மேலயே கவிழ்ந்து படுத்திருந்தார். நான் கத்தினதும் கிரேவி விட்டுட்டான். விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து, என் காலடியில உட்கார்ந்து, மேல பார்த்தான். பந்து கொண்டு வந்தா பிஸ்கட்டுக்கு உட்காருவானே, அதே மாதிரி. கடவுளே, அதே மாதிரி.

அவர் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளில் அவர் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"உங்க நேரம்... மூணு மணிதானே?"

"மூணு ஆயிடுச்சே" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

அவருக்கு வேன் இல்லை. நாய் மருத்துவரிடம் என் காரில்தான் போனோம். கிரேவிக்கு வாயைக் கட்டிப் பின்பக்கக் கூண்டில் போட்டேன். முன் சீட்டில் அவர், மடியில் என் கோட்டுக்குள் பாபின். இருபது நிமிடம். கூண்டுக்குள் கிரேவி மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவை அவர் கண் கார் கடிகாரத்தின் மேல் போனது. மூன்று முப்பத்தொன்று. அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வளைவில் மெதுவாகப் போங்க, அவளுக்கு வலிக்கும்" என்றார்.

மூன்று மணிக்குப் பாபின் போய்விட்டாள். நிஜ மூன்று மணிக்கு.

நவம்பர் 1, புதன்

ஹேஸல் வந்தாள். சேற்றுப் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டங்கன் போலீசுக்குப் போகலை கண்ணு. போக மாட்டேன்னுட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லலை."

"நான் போன் பண்ணட்டுமா அவருக்கு?"

"என்ன சொல்லுவ?"

நான் வாசல் மிதியடியைக் காலால் நேராக்கினேன்.

"கிரேவியை இனிமே உள்ள விட முடியாது. மத்தவங்க கேக்கறாங்க. டங்கனே வந்து சரின்னு சொன்னா ஒழிய... அதை நான் அவன்கிட்ட கேக்க முடியுமா? நீயே சொல்லு."

கேட்க முடியாதுதான். அவள் மேல் கோபம் இல்லை. கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். மூடி திறக்கப்படவே இல்லை.

நவம்பர் 3, வெள்ளி

வயல் இல்லை. கவுன்சில் காகிதம் இருக்கிறது. ஆக, இவன் இனிச் சாகும் வரை வாய்க்கூடையோடு என் முழங்காலை ஒட்டியே நடக்க வேண்டும். இவனுக்கு ஆறு வயது.

ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். பாபினைப் பார்த்த அதே பெண். "சட்டப்படி கட்டாயம் இல்லை. உங்க முடிவுதான். நீங்க எதைச் செஞ்சாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். யாராவது தப்பு என்று சொன்னால் தேவலை.

கடையில் ரொட்டி வாங்கும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

டங்கன் ஃபாசெட்டிடமிருந்து ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? நான் கூப்பிடலாமா? கூப்பிட்டு, உங்கள் நாயைக் கொன்றவன் இங்கே நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லவா? இரண்டு தடவை எண்ணைப் போட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

நவம்பர் ஐந்து என்றால் ஊரெல்லாம் வாணவேடிக்கை. கிரேவி மேசைக்கடியில், தலை என் பாதத்தின் மேல். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. ஊரே பயப்படுகிற நாய்.

இன்று மூன்று மணிக்கு வாரைக் கவ்விக்கொண்டு வந்து நின்றான். எப்படித்தான் தெரிகிறதோ. அவனுக்குக் கடிகாரம் தப்புவதில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

இன்று காலை பத்தரைக்கு.

மருத்துவரைக் காருக்கே வரச் சொன்னேன். மருத்துவமனைக் கதவு என்றால் அவனுக்கு நடுக்கம். பின்பக்கக் கூண்டில், கிளைவின் பழைய கம்பளிச் சட்டை மேல். வாய்க்கூடை வேண்டாம் என்றாள் அந்தப் பெண், அவள் ஊசி போடும்போது நான் பிடித்துக்கொண்டேன். ஆரஞ்சுப் பந்தை வாயில் வைத்திருந்தான். அப்புறம் அது உருண்டு விழுந்தது.

ஏன் செய்தேன்? கண்ணை மூடினால் அந்தச் சின்னக் குரல். மறுபடியும் நடந்துவிடுமோ என்று பயம். எல்லாம் உண்மைதான். ஆனால் பயமா வெட்கமா என்று கேட்டால், வெட்கம்தான் அதிகம். அவர் நாய் போய்விட்டது, என் நாய் இருக்கிறது, அதை என்னால் தாங்க முடியவில்லை. எழுதிவிட்டேன். இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது?

ஹேஸலிடம் கடைசியாக ஒரு ஐம்பது நிமிடம் கேட்டிருக்கலாம். ஓடவிட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. எனக்கு ஏன் தோணல? ஒரே ஒரு தடவை ஓடவிட்டிருக்கலாமே நான். பாவி.

கிளைவ், மன்னிச்சிருங்க.

நவம்பர் 9, வியாழன்

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். ஜானிஸ் என்று நினைத்துத் திறந்தேன்.

டங்கன் ஃபாசெட். கையில் என் கோட்டு, துவைத்து, இஸ்திரி போட்டு, ஹேங்கரோடு. ஒரு கறை இல்லை. இவ்வளவு உயரமானவர் என்று எனக்குத் தெரியாது. வேனுக்குள் உட்கார்ந்துதானே பார்த்திருக்கிறேன்.

"தொந்தரவு பண்றேனா?"

"இல்லை."

மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார் போல, மூச்சு விடாமல் சொன்னார். "ஹேஸல்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை என்னோட ரெண்டு மணியையும் நீங்களே எடுத்துக்கங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வயல் காலியா இருக்கும். நீங்க எத்தனை மணின்னு நினைச்சு வந்தாலும் உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. அவளும் சரின்னுட்டா. கிரேவி ஓடணுமில்ல. பெரிய நாய் ஓடாம இருக்க முடியாது."

நான் கதவுப் பிடியை விடவில்லை.

"அவனை ஒண்ணும் பண்ணிராதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். அப்புறம் என் தோளுக்கு மேல் வீட்டுக்குள் பார்த்தார். "குரைக்கலையே? நான் கதவைத் தட்டினா குரைப்பான்னு நினைச்சேன்."

அவர் கண் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய வாய்க்கூடைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

கோட்டைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"செவ்வாய்க்கிழமையே இஸ்திரி போட்டுட்டேன்" என்றார். "கிளம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துட்டேன். சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சுக்குவீங்களோன்னு... திரும்பிப் போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரை இருக்கும்."

ஏன் கேட்டேன்? தெரிந்து என்ன ஆகப் போகிறது? ஒன்பதரை. நான் கிளம்பினது பத்து மணிக்குத்தான்.

அவர் என் வாசலில் நின்று அழுதார். கோட்டு தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார். டீ போடட்டுமா என்று கேட்டேன். நான் கேட்டது அதைத்தான். அவரும் சரி என்றார். இரண்டு பேரும் அடுப்பறையில் உட்கார்ந்து குடித்தோம். அந்தக் கேக்கை எடுத்து வைத்தேன். நன்றாக ஊறியிருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

போகும்போது, "கேக் நல்லா இருந்துச்சு" என்றார்.

ஒரு போன். அவரும் பண்ணல, நானும் பண்ணல. தொந்தரவாம். யாருக்கு என்ன தொந்தரவு?

டிசம்பர் 25, திங்கள்

ஜானிஸ் வீட்டில். அவள் கிரேவிக் கிண்ணத்தை நீட்டி, "அது வேணுமா உனக்கு?" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. அவளால் முடிந்த பரிவு அது. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஹேஸலின் ஆடுகள் குட்டி ஈனும் காலம் நெருங்குகிறது. வயலின் நேரப் பட்டியலை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "நீதான் கரெக்டா பாத்துக்குவ கண்ணு" என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒப்புக்கொண்டேன். வெளிக்கதவில் இப்போது ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை அடித்த பலகை தொங்குகிறது. உள்ளே போகிறவர் சிவப்பாகத் திருப்ப வேண்டும். நான்தான் பெயின்ட் அடித்தேன்.

மார்ச் 9, சனி

புதுப் பதிவு ஒன்று பட்டியலில்: ஞாயிறு, இரண்டு மணி, டி. ஃபாசெட். நாயின் பெயர் என்ற இடத்தில் "இன்னும் வைக்கவில்லை. காப்பகம். வயது ஏழு. யாருக்கும் பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, சனி

இன்று ராத்திரி கடிகாரம் மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் போகிறது. செய்தி அனுப்பவில்லை. பட்டியலில் இருக்கும் நாற்பத்தொரு பேருக்கும் போன் செய்தேன். ஒவ்வொருவராக. சிலருக்கு எரிச்சல். "எங்க போன்ல தானா மாறிடும்மா" என்றார்கள். "கார்ல மாறாது" என்றேன். எடுக்காதவர்களை எடுக்கும் வரை கூப்பிட்டேன்.

டங்கன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"தெரியும். ஆனா நீங்க கூப்பிட்டது நல்லது" என்றார். அப்புறம், "மூணு மணிக்கு யாரு?"

"யாரும் இல்லை. நான் யாருக்கும் குடுக்கலை."

"சரி" என்றார்.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

ஜானிஸ் வீட்டுச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது சந்து முனையில் காரை நிறுத்தினேன். வெளிக்கதவில் பலகை சிவப்பாக இருந்தது. இரண்டு ஐம்பதுக்குப் பச்சையாயிற்று. நீல வேன் வெளியே வந்தது. முன் சீட்டில் ஒரு பெரிய, அவலட்சணமான தலை. அவர் ஒரு விரலைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

அவர் போன பிறகும் அங்கேயே இருந்தேன். பின்பக்கக் கூண்டை இன்னும் எடுக்கவில்லை.

கார் கடிகாரம் மூன்று காட்டியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் மூன்று. கிளைவ் சொன்ன மாதிரியே தானாகச் சரியாகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை.